நூலகக் கணினி வகுப்பு: மதிப்புள்ள சான்றிதழுக்கு என்ன வழி?

#1 நூலகத்தோழி

வணக்கம். திருவாரூர் மாவட்டத்தில் ஒரு கிளை நூலகத்தில், வாசகர் வட்டத்தின் சார்பில் மாலை நேரக் கணினி வகுப்பு நடத்துகிறோம். கட்டணம் இல்லை. நன்கொடையாக வந்த பழைய கணினிகள், அவற்றில் உபுண்டு இயங்குதளமும் லிப்ரே ஆபீஸ் அலுவலக மென்பொருளும். பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண்கள், சுய உதவிக் குழுவுக்குக் கணக்கு எழுதும் அக்காமார், கடையில் பில் போடும் வேலைக்கு முயலும் பையன்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எனக் கலவையான கூட்டம்.

பாடம் நன்றாகவே நடக்கிறது. ஆனால் சேருகிற எல்லோரும் முதலில் கேட்பது, "முடித்தால் சான்றிதழ் உண்டா?" என்பதுதான். "அதற்கென்ன, நல்ல தாளில் அச்சடித்து முத்திரை வைத்துக் கொடுத்துவிடலாம்" என்கிறார் வாசகர் வட்டத் தலைவர். எனக்கு மனம் ஒப்பவில்லை. அந்தத் தாளை நம்பி ஒரு பெண் வேலைக்கு விண்ணப்பித்து, அங்கே அதைத் தள்ளிவிட்டால் யார் பதில் சொல்வது?

இதற்கிடையில் பக்கத்து நகரத்துத் தனியார் மையம் ஒன்று தூது விட்டிருக்கிறது. நாங்கள் அவர்களுடைய கிளையாகச் சேர்ந்து ஆளுக்கு ஒரு தொகை கட்டினால், "அரசு அங்கீகாரம் பெற்ற" டிப்ளோமா தருவார்களாம். சேரலாமா? வேறு வழி உண்டா?

#2 பழைய தட்டச்சர்

அம்மா, தலைவர் சொன்ன தாளும் வேண்டாம், அந்தத் தனியார் மையமும் வேண்டாம்.

நான் தட்டச்சுப் பயிலகம் நடத்தி ஓய்ந்தவன். எங்கள் தொழிலில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. சொல்லிக்கொடுப்பது நாங்கள், தேர்வு நடத்துவது தொழில்நுட்பக் கல்வி இயக்ககம். ஆங்கிலம் இளநிலை என்றால் நிமிடத்துக்கு 30 சொல், முதுநிலை என்றால் 45 சொல். அன்றைக்கு வேறொரு மையத்தில், முகம் தெரியாத கண்காணிப்பாளர் முன்னால் உட்கார்ந்து அடிக்க வேண்டும். என் பயிலகத்தின் பெயர் சான்றிதழில் இருக்கிறதா என்று எந்த அலுவலகமும் இன்றுவரை கேட்டதில்லை. ஊர்க்கோடியில் ஓட்டுக் கூரைக்குக் கீழே நான்கு ரெமிங்டன் தட்டச்சுப் பொறி வைத்திருந்தவரின் மாணவியும், சென்னையில் பெரிய பயிலகத்தில் படித்தவரும் வாங்கியது ஒரே சான்றிதழ்.

கணினிக்கும் அதே இயக்ககம் ஒரு தேர்வு நடத்துகிறது. கணினி வழி அலுவலகத் தானியக்கம் என்று எழுதுவார்கள், எல்லோரும் சி.ஓ.ஏ. என்றுதான் சொல்வோம். எழுத்துத் தேர்வும் உண்டு, செய்முறையும் உண்டு. டி.என்.பி.எஸ்.சி. தொகுதி 4 தட்டச்சர், சுருக்கெழுத்துத் தட்டச்சர் பணிகளுக்கு இதைத்தான் கேட்கிறார்கள். இது இல்லாமலும் விண்ணப்பிக்கலாம். ஆனால் வேலை கிடைத்தால் தகுதிகாண் பருவத்துக்குள் தேர்ச்சி பெற்றாக வேண்டும் என்று அறிவிக்கையிலேயே போட்டிருப்பார்கள். உங்கள் வகுப்பில் தட்டச்சும் பழகுகிற பெண்கள் இருந்தால் அவர்களுக்கு இதுதான் பாதை.

#3 வேப்பமரத்தடி

ஐயா சொன்னது தட்டச்சர் வேலையைக் குறி வைப்பவர்களுக்குப் பொருந்தும். மற்றவர்களுக்கு நைலிட் நடத்தும் சி.சி.சி. தேர்வைப் பாருங்கள், தோழி. கணினியின் அடிப்படைகளுக்கான தேர்வு அது. நைலிட் என்பது மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் கீழ் உள்ள நிறுவனம். 2011க்கு முன்பு டோயக் என்ற பெயரில் இருந்தது.

உங்களுக்கு ஏற்றது என்று ஏன் சொல்கிறேன் என்றால், இதற்குக் கல்வித் தகுதி எதுவும் கேட்பதில்லை. எந்தப் பயிற்சி மையத்திலும் சேராமல் நேரடி விண்ணப்பதாரராகவே தேர்வெழுதலாம். உங்கள் நூலகம் யாருக்கும் கிளையாக வேண்டியதில்லை, யாருக்கும் பங்கு கொடுக்க வேண்டியதில்லை. தேர்வுக் கட்டணம் 500 ரூபாய், அதன் மேல் ஜி.எஸ்.டி. சேர்ந்து 590 வரும். தேர்வு கணினியில். 90 நிமிடத்தில் 100 கேள்விகள், தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை, 50 எடுத்தால் தேர்ச்சி. 85ம் அதற்கு மேலும் எடுத்தால் எஸ் தரம், அங்கிருந்து ஏ, பி, சி, டி என்று இறங்கும்.

பாடத்திட்டம் 80 மணி நேரத்துக்கு வகுத்தது. அதில் 50 மணி நேரம் செய்முறை. எழுத்துக் கோப்பு, விரிதாள், படக்காட்சி, இணையம், மின்னஞ்சல், அரசுச் சேவைகள், டிஜிட்டல் பணப்பரிமாற்றம், இணையப் பாதுகாப்பு எல்லாம் வருகின்றன. இன்னொரு நல்ல செய்தி: புதிய பாடத்திட்டமே லிப்ரே ஆபீஸை வைத்துத்தான் எழுதப்பட்டிருக்கிறது. நீங்கள் காசில்லாமல் நிறுவிய அதே மென்பொருள்.

80 மணி நேரம் மலைப்பாக இருந்தால் அதே நிறுவனத்தின் பி.சி.சி. என்ற சிறிய அடிப்படைப் பாடம் இருக்கிறது, 36 மணி நேரம்.

#4 சந்தேகி

தனியார் மையத்தின் "அரசு அங்கீகாரம்" பற்றி நான் சொல்கிறேன். என் சித்தப்பா மகள் அப்படி ஓர் இடத்தில் ஓராண்டு டிப்ளோமா படித்தாள். சான்றிதழில் அசோகச் சக்கரம் போலவே ஒரு சின்னம், தங்கநிற முத்திரை, மூன்று கையெழுத்து. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்யப் போனபோது ஏற்க மறுத்துவிட்டார்கள். கட்டிய பணம் போனது போனதுதான்.

அதன் பிறகு அந்தச் சான்றிதழை ஒரு நாள் உட்கார்ந்து வரிவரியாகப் படித்தேன். முதல் வரியில் "அரசுப் பதிவு பெற்றது" என்று இருந்தது. என்ன பதிவு? தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன் கீழ் சங்கமாகப் பதிந்தது. எங்கள் தெரு நலச் சங்கமும் அதே சட்டத்தில்தான் பதிவாகியிருக்கிறது, நாளைக்கு நாங்களும் டிப்ளோமா கொடுக்கலாம் போலும்! அடுத்த வரியில் ஐ.எஸ்.ஓ. 9001. அது ஒரு நிறுவனம் தன் நிர்வாக முறையை ஒழுங்காக வைத்திருப்பதற்கான சான்று, பாடத்துக்கும் தேர்வுக்கும் அதில் வேலை இல்லை. கடைசியாகச் சிறு குறு தொழில் பதிவு எண். பெட்டிக்கடைக்கும் அது கிடைக்கும். அந்த மூன்று வரியும் உண்மை, ஒன்றுகூடப் பொய்யில்லை. ஆனால் அந்தப் படிப்பை இன்ன அரசு அமைப்பு அங்கீகரித்தது என்ற ஒரு வரி மட்டும் எங்குமே இல்லை.

உங்களிடம் தூது வந்தவர்களிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: தேர்வை நடத்துவது யார்? "நாங்களேதான்" என்று பதில் வந்தால் வாசலைக் காட்டிவிடுங்கள்.

#5 நூலகத்தோழி

மிக்க நன்றி. சந்தேகி சொன்ன கேள்வியை இன்று தொலைபேசியில் கேட்டேன். "தேர்வைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், எல்லோரும் தேர்ச்சி பெறுவார்கள்" என்றார் அந்த மேலாளர். விடை கிடைத்துவிட்டது.

வேறொரு சந்தேகம். எங்கள் மாணவிகள் சிலரிடம் ஏற்கெனவே பிரதமர் பெயரிலான ஊரக டிஜிட்டல் எழுத்தறிவுச் சான்றிதழ் இருக்கிறது. அது சி.சி.சி.க்குச் சமமா? மறுபடியும் ஏன் எழுத வேண்டும் என்று கேட்கிறார்கள்.

#6 சேவை மையத்தான்

சமமில்லை, சகோதரி. பொதுச் சேவை மையம் நடத்திய அனுபவத்தில் சொல்கிறேன். நீங்கள் சொல்லும் அந்தத் திட்டம், பி.எம்.ஜி.திஷா, 2017இல் வந்தது. 14 முதல் 60 வயது வரை, வீட்டுக்கு ஒருவர், 20 மணி நேரப் பயிற்சி. ஒருவர் கணினியையோ கைப்பேசியையோ இயக்கவும், மின்னஞ்சல் அனுப்பவும், அரசுச் சேவையைத் தேடவும், பணம் அனுப்பவும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதே நோக்கம். வேலைக்கான தகுதியாக அதை யாரும் வடிவமைக்கவில்லை. 20 மணி நேரம் எங்கே, 80 மணி நேரம் எங்கே?

திட்டம் 2024 மார்ச் 31உடன் முடிந்துவிட்டது. 7.35 கோடிப் பேர் பதிவு செய்தார்கள், 6.39 கோடிப் பேர் பயிற்சி பெற்றார்கள், 4.78 கோடிப் பேர் சான்றிதழ் பெற்றார்கள் என்பது அரசுக் கணக்கு. அதாவது பயிற்சி பெற்ற நான்கு பேரில் ஒருவருக்குச் சான்றிதழ் இல்லை. அதைத் தோல்வி என்று நான் சொல்ல மாட்டேன். தேர்வுக்கு வராமலே போனாலும் கற்றது கற்றதுதான். ஆனால் மையத்துக்கு ஓர் ஆளுக்குக் கிடைத்த 300 ரூபாய், அவர் சான்றிதழ் பெற்றால்தான் வரும் தொகை. அப்படி வைத்தால் எந்த மையத்துக்கும் கண் தேர்வு நாளின் மேல்தான் இருக்கும். மனித இயல்பு. உங்கள் வகுப்பில் அப்படி எந்தத் தொகையும் இல்லை என்பது பெரிய வரம், அதைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

#7 கடலோரத்தான்

எல்லோரும் சான்றிதழ், சான்றிதழ் என்று பேசுகிறீர்கள். கொஞ்சம் எதிர்க்குரல் கொடுக்கிறேன், கோபிக்க வேண்டாம்.

நான் புதுச்சேரிக்காரன். 1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாக வைத்து எங்கள் பக்கத்துக் கிராமங்களில் தகவல் மையங்கள் தொடங்கியது. எம்பலத்தில் கோயில் வளாகத்திலேயே மையம் இயங்கியது, நடத்தியவர்கள் பெண்கள். வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரக் கணிப்பை இறக்கி, ஒலிபெருக்கியில் தமிழில் அறிவித்தார்கள். மீனவர்கள் அதைக் கேட்டுவிட்டுக் கடலுக்குப் போனார்கள். அதற்கு யாரும் 50 மதிப்பெண் எடுக்கவில்லை. ஊருக்கு என்ன தேவை என்று முதலில் கேட்டார்கள், கணினி அதற்குப் பின்னால் வந்தது.

கேரளம் 2025 ஆகஸ்டில் தன்னை முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற மாநிலமாக அறிவித்தது. வீடு வீடாகப் போய் முதியவர்களுக்குக் கைப்பேசியைப் பழக்கினார்கள். அந்த முதியவர்கள் அதை வைத்து எந்த வேலைக்கும் விண்ணப்பிக்கப் போவதில்லை.

தோழி, உங்கள் சுய உதவிக் குழு அக்காவுக்கு என்ன வேண்டும்? குழுக் கணக்கை விரிதாளில் போட வேண்டும், வங்கியிலிருந்து என்று சொல்லி ஓ.டி.பி. கேட்பவனை அடையாளம் காண வேண்டும். அவரைக் கூப்பிட்டு "உள்ளீட்டுச் சாதனம் எது, வெளியீட்டுச் சாதனம் எது" என்று நூறு கேள்வி மனப்பாடம் செய்ய வைத்தால் மூன்றாம் நாள் வரமாட்டார். நூலகத்தை டியூஷன் சென்டராக மாற்றிவிடாதீர்கள்.

#8 பழைய தட்டச்சர்

கடலோரத்தாரே, பேச்சு அழகாக இருக்கிறது. ஆனால் வேலை தேடும் இருபது வயதுப் பெண்ணிடம் போய் "ஊருக்கு என்ன தேவை" என்று வகுப்பெடுத்துப் பாருங்கள். அவளுக்குத் தேவை சம்பளம். கையில் ஒன்றும் இல்லாமல் நேர்முகத்துக்குப் போனால், "எக்செல் தெரியுமா?" என்பான், "தெரியும்" என்பாள், "எங்கே படித்தாய்?" என்பான். அங்கே நிற்கும். பணமும் செல்வாக்கும் உள்ள வீட்டுப் பிள்ளைக்குச் சான்றிதழ் இல்லாவிட்டாலும் மாமா ஒருவர் இருப்பார். இல்லாதவர்களுக்குத்தான் அரசு முத்திரை தேவைப்படுகிறது.

#9 கடலோரத்தான்

அதை நான் மறுக்கவில்லை, ஐயா. இருபது வயதுக்கு ஒரு வகுப்பு, ஐம்பது வயதுக்கு வேறொரு வகுப்பு என்றுதான் சொல்ல வந்தேன். இருவரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்து ஒரே தேர்வுக்குத் தயார் செய்வதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

#10 வடமராட்சி

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். எங்கள் நாட்டு முறை உங்களுக்கு நேரடியாக உதவாது. ஆனாலும் ஒப்பிட்டுப் பார்க்கப் பயன்படலாம்.

இங்கே தேசியத் தொழில் தகைமை, அதாவது என்.வி.கியூ., 1 முதல் 7 வரை மட்டங்களாக உள்ளது. 2 முதல் 4 வரை தேசியச் சான்றிதழ், 5ம் 6ம் டிப்ளோமா, 7 பட்டத்துக்கு நிகர். கணினிப் பக்கம் பிள்ளைகள் கூடுதலாக எடுப்பது தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பவியலாளர் என்ற மட்டம் 4. மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் நிலையம் பதிவாகியிருப்பது ஒரு படி, அங்கே நடக்கும் பாடநெறி தரச்சான்று பெற்றிருப்பது இன்னொரு படி. பதிவு மட்டும் உள்ள இடத்தில் படித்தால் என்.வி.கியூ. கிடையாது. சந்தேகி அண்ணா சொன்ன அதே பொறி இங்கேயும் இருக்கிறது. விளம்பரப் பலகையில் பதிவு எண்ணைப் பெரிதாகப் போடுவார்கள், மற்றதைப் பற்றி மூச்சு விடமாட்டார்கள்.

எனக்குப் பிடித்தது வேறொன்று. படிக்காமல், வேலை செய்தே கற்றுக்கொண்டவர்களும் தகைமை பெறலாம். முன் கற்றலை அங்கீகரித்தல் என்று ஒரு வழி உண்டு. செய்த வேலைகளின் சான்றுகளைக் கோப்பாகச் சேர்த்துக் கொடுக்க வேண்டும், மதிப்பீட்டாளர்கள் முன்னால் செய்து காட்ட வேண்டும். என் மச்சாள் அச்சகமொன்றில் தட்டச்சும் பக்க வடிவமைப்பும் செய்து வந்தவர். ஒரு வகுப்புக்கும் போகாமல் அந்த வழியில்தான் தகைமை எடுத்தார்.

எங்கள் ஊர்களில் நெனசல அறிவகங்கள் இருந்தன. கோயிலடியிலும் வாசிகசாலையிலும் கணினி வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். 2014இல் அந்தத் திட்டத்துக்குக் கேட்ஸ் அறக்கட்டளையின் விருதும் கிடைத்தது. அங்கே தொட்டுப் பழகிய பிள்ளைகள் பிறகு தொழிற்பயிற்சி நிலையங்களுக்குப் போய்த் தகைமை எடுத்தார்கள். உங்கள் நூலகமும் அந்த முதல் படியாக இருந்தால் போதுமே?

#11 சந்தேகி

சி.சி.சி. பற்றியும் ஒரு கேள்வி. அது வடக்கே செல்லுபடியாகிற அளவுக்கு இங்கே ஆகுமா? உத்தரப் பிரதேசத்தில் கிராம வளர்ச்சி அலுவலர் பணிக்கு சி.சி.சி. என்று பெயர் சொல்லியே கேட்கிறார்கள். மகாராஷ்டிரத்தில் எம்.எஸ்.-சி.ஐ.டி., ராஜஸ்தானில் ஆர்.எஸ்.-சி.ஐ.டி. என்று அந்தந்த மாநிலத்துக் கணினிச் சான்றிதழ்கள். இங்கே அப்படிப் பெயர் சொல்லிக் கேட்பது சி.ஓ.ஏ.வைத்தானே? 590 ரூபாயும் ஒரு நாள் கூலியும் செலவழித்துவிட்டு, "இது எங்களுக்கு வேண்டாம்" என்று சொன்னால்?

#12 வேப்பமரத்தடி

நியாயமான கேள்வி. தமிழக அரசின் தட்டச்சர் பணிக்கு சி.சி.சி. எடுத்துக்கொண்டு போனால் வேலைக்கு ஆகாது, அங்கே சி.ஓ.ஏ. மட்டுமே. அந்த நினைப்பில் யாரும் சி.சி.சி. எழுத வேண்டாம்.

ஆனால் "அடிப்படைக் கணினி அறிவுக்கு அங்கீகரிக்கப்பட்ட சான்று" என்று பொதுவாகக் கேட்கும் இடங்களில், மத்திய அரசு நிறுவனமே நடத்திய தேர்வு என்பது வலுவான பதில். தனியார் அலுவலகத்துக்கும் அது போதும். இதில் தேறிய பிளஸ் டூ பிள்ளைகள் அடுத்து அதே நைலிட்டின் மேற்படிப்பான ஓ லெவலுக்குப் போகலாம். இணையப் பக்க வடிவமைப்பு, பைத்தான் நிரல்மொழி, பொருள்களின் இணையம் (கருவிகளை இணையத்தோடு இணைப்பது) எல்லாம் அதில் உண்டு. சில மத்திய அரசுப் பணி அறிவிப்புகளில் ஓ லெவல் தகுதியாகவே குறிப்பிடப்படுகிறது.

சான்றிதழைத் தேர்ந்தெடுத்துவிட்டு வேலையைத் தேடாதீர்கள். எந்த வேலை என்று முடிவு செய்து, அதன் பழைய அறிவிக்கை ஒன்றைப் பதிவிறக்கி, தகுதிப் பகுதியை மாணவியோடு உட்கார்ந்து படியுங்கள். அதுவே இணையத் திறன் வகுப்பின் முதல் பாடமாகவும் ஆகிவிடும்.

#13 சேவை மையத்தான்

இன்னொரு சிறு உதவி. மும்பை ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுட்டோரியல் திட்டத்தில் லிப்ரே ஆபீஸ் பாடங்களுக்குத் தமிழ்க் குரல் இருக்கிறது. ஒவ்வொன்றும் பத்து நிமிட அளவுதான். முன்னதாகவே இறக்கி வைத்துக்கொண்டால் நூலகத்தில் இணையம் படுத்தாலும் வகுப்பு நடக்கும். ஒரு கணினிக்கு மூன்று பேர் இருக்கும் இடத்தில், ஒருவர் செய்ய மற்ற இருவர் காணொளி பார்த்துச் சொல்லலாம்.

ஆங்கிலக் கலைச்சொற்களையும் கூடவே பழக்குங்கள். மெனுவில் தமிழைப் பார்த்துப் பழகியவர்கள் தேர்வறையில் 'மெயில் மெர்ஜ்' (ஒரே கடிதத்தில் பல பெயர்களைத் தானாக நிரப்புவது) என்று கண்டதும் திகைத்துவிடுவார்கள். விண்ணப்பிக்கும்போது தேர்வு மொழிப் பட்டியலையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

#14 நூலகத்தோழி

எல்லோருடைய பதில்களையும் அச்செடுத்து வாசகர் வட்டக் கூட்டத்தில் வைத்தேன். காரசாரமாகப் பேசி ஒருவழியாக முடிவுக்கு வந்திருக்கிறோம்.

வகுப்பு இரண்டாகப் பிரிகிறது. அக்காமாருக்கும் முதியவர்களுக்கும் சனி, ஞாயிறு. பாடத்திட்டம் கிடையாது, அவர்கள் கொண்டுவரும் வேலைதான் பாடம். முதல் கோரிக்கை குழுவின் கடன் பதிவேடு, இரண்டாவது மின்கட்டணம். வார நாள் மாலை இளையவர்களுக்கு, சி.சி.சி. பாடத்திட்டப்படி 80 மணி நேரம். தட்டச்சுப் பயிலகம் போகும் பெண்கள் மட்டும் சி.ஓ.ஏ. தேர்வுக்குத் தனியாகப் பயிற்சி எடுப்பார்கள்.

தேர்வுக் கட்டணத்தைப் பாதி நன்கொடையாளர் தருகிறார், பாதி மாணவர்கள். முழுவதும் இலவசமாகக் கொடுத்தால் தேர்வு நாளன்று வரமாட்டார்கள் என்று ஆசிரியர் ஐயா பிடிவாதம் பிடித்தார். எனக்கு அதில் இன்னும் உடன்பாடில்லை. பாதித் தொகையும் கட்ட முடியாத இருவரை எனக்குத் தெரியும், அதைத் தனியாகப் பார்த்துக்கொள்வேன்.

நூலக முத்திரை வைத்த தாளும் உண்டு. தலைவர் விடவில்லை. ஆனால் "வருகைச் சான்று" என்று மட்டும் தலைப்பு, எத்தனை மணி நேரம் வந்தார் என்பது மட்டும் உள்ளே. "டிப்ளோமா" என்ற சொல்லை அடித்துவிட்டோம்.

கடைசியாக ஒன்று: நேற்று ஒரு மாணவிக்கு விண்ணப்பத்தை நிரப்பிப் பார்த்தோம். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் முதலெழுத்து முன்னால் இருக்கிறது, ஆதாரில் அப்பா பெயர் முழுவதும் பின்னால் இருக்கிறது. எதைப் போடுவது?

#15 வேப்பமரத்தடி

இது தமிழ்நாட்டுக்கே உரிய தலைவலி! பத்தாம் வகுப்புச் சான்றிதழில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுத்து பிசகாமல் போடச் சொல்லுங்கள். பிற்காலத்தில் டி.என்.பி.எஸ்.சி. சான்றிதழ் சரிபார்ப்பில் எல்லாவற்றையும் அதனோடுதான் ஒப்பிடுவார்கள். புள்ளி, இடைவெளிகூட மாறவேண்டாம். முடிந்தால் விண்ணப்பிப்பதற்கு முன்பே ஆதாரில் பெயரைத் திருத்திவிடுங்கள், தேர்வு மையத்தில் அடையாள அட்டையைப் பார்ப்பார்கள். சான்றிதழ் மின்வடிவில்தான் வரும், அதில் தவறான பெயர் ஏறிவிட்டால் திருத்த அலைய வேண்டியிருக்கும்.

புகைப்படம், கையெழுத்து, இடது பெருவிரல் ரேகை ஆகிய மூன்றையும் கேட்ட அளவில் பதிவேற்ற வேண்டும். ரேகையை வெள்ளைத் தாளில் நீல மையில் வைத்து, பகல் வெளிச்சத்தில் நிழல் விழாமல் படமெடுங்கள். அளவைக் குறைப்பதை மாணவிகளே செய்யட்டும். கோப்பு அளவு என்றால் என்ன என்பதும் பாடத்திட்டத்தில் இருக்கிறது.

#16 பழைய தட்டச்சர்

முதலெழுத்து விஷயத்தில் இன்னொன்று. தட்டச்சுத் தேர்வுக்கும் சி.ஓ.ஏ.வுக்கும் விண்ணப்பிக்கும் பெண்கள், திருமணத்துக்குப் பின் முதலெழுத்தை மாற்றியிருந்தாலும் பழையதையே போடட்டும். கணவர் வீட்டார் ஏதாவது சொன்னால் என்னிடம் அனுப்புங்கள், நான் பேசிக்கொள்கிறேன்.